எஞ்சிய ஆயுள்

ஜன்னலைச் சாத்தப் போனேன்.
கம்பி கையோடு வந்தது,
நமுத்த முறுக்குபோல, சத்தமில்லாமல்.

பதினாலு வருஷம். குறும்பனை. நாலரை சென்ட்.
வங்கி தந்த தாளில்
அசல், வட்டி, இருநூற்று நாற்பது தவணை
அவ்வளவுதான் இருந்தது.
காற்று என்று ஒரு வரி இல்லை.

அதனால் நானே எழுதுகிறேன், பால் கணக்கு நோட்டின் பின்பக்கம்.
கேட் மாற்றியது மூன்று தரம்.
தண்ணீர்த் தொட்டியின் தாங்கி இரண்டு தரம்.
எங்கள் வீட்டில் ஒரு ஃபிரிட்ஜும்
ஏழாவது பிறந்தநாளைக் கண்டதில்லை.
கருங்கல் சந்தைப் பக்கத்துக் கம்பிக் கடையில் சொன்னார்கள்:
"எவர்சில்வரிலும் முந்நூற்று நாலு உங்க ஊருக்குப் பத்தாது டீச்சர்,
மூணு பதினாறு வேணும்."
வசன எண் என்று நினைத்தேன்.
விலை கேட்டபின் ஜெபம்தான் மிச்சம்.

மேஸ்திரி எந்த மணலைக் கலந்தானோ
கூரைக்குள் கம்பி வீங்குகிறது.
நடு ராத்திரி ஒரு பிடி காரை விழும்.
கிளீற்றஸ் புரண்டு படுத்து, "பூனை" என்பார்.
எங்களுக்குப் பூனை கிடையாது.

ஷைலஜா டீச்சருக்கு அருமனையில் வீடு, ரப்பருக்கு நடுவே.
உப்பில்லாத இடம், கொடுத்துவைத்தவள் என்றிருந்தேன்.
ஐப்பசி இடி ஒன்று
மோட்டார், டிவி, இன்வெர்ட்டர் மூன்றையும்
ஒரே மூச்சில் கொண்டுபோனது.
நிலைக்கதவு தட்டினால் தேக்கு, குத்தினால் செதல்.
பின்னால் மண் சரியாமல் கட்டிய சுவருக்கு
வீட்டைவிட ஆழமாம் அஸ்திவாரம்.
"வெயில் விலைக்குக் கிடைத்தால் வாங்குவேன்" என்றாள்.
எங்களிடம் உண்டு. உப்போடு சேர்த்துத்தான் தருவோம்.

பெரிய லீவில் நாத்தனார் டெல்பின் வீடு.
கோயம்புத்தூர், சரவணம்பட்டி, ஏழாம் மாடி.
பிள்ளையைத் தூக்குமுன்
பால்கனிக் கம்பியைத் தடவினேன்.
பன்னிரண்டு வருஷம், முதல் பெயின்ட்.
வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இன்னொரு தரமும் தடவினேன்.

ராத்திரி அவளும் நோட்டை எடுத்தாள்.
மாசம் நாலாயிரத்து இருநூறு பராமரிப்பு.
லிஃப்ட் மாற்ற தனி வசூல்.
பங்குனி தொட்டு தண்ணீர் லாரி.
பத்திரத்தில் அவள் பெயருக்குப்
பிரிபடாத பாகம், முந்நூற்றுத் தொண்ணூறு சதுர அடி.
"எங்க இருக்கு அது?"
"லிஃப்ட் குழியில கொஞ்சம், கார் நிக்கிற இடத்துல கொஞ்சம்.
ஒரு முருங்கைக் கம்பு ஊன்ற முடியாது மைனி."
கிளீற்றஸ் கூட்டினார்.
இருபது வருஷத்துக்கு அவளுக்கு எண்பத்தொரு லட்சம்,
எனக்கு ஐம்பத்திரண்டு.
"நீங்கதான் ஜெயிச்சீங்க" என்றாள்.

கடலை எந்தக் கட்டத்தில் போடுவது என்று
எனக்குத் தெரியவில்லை.
அச்சன் வந்து வீடு மந்திரித்த அன்று
வாசலிலிருந்து அலைக்கு அறுபத்திரண்டு எட்டு.
இந்த ஆடியில், கிளீற்றஸ்
எட்டைக் குறுக்கி எண்ணியும்,
முப்பத்தேழு.

நேற்று முன்தினம் வங்கியிலிருந்து ஒரு பையன்,
கூடுதல் கடனுக்கு மதிப்பிட.
சுவரைத் தட்டினான், போட்டோ எடுத்தான்.
கட்டடத்தின் வயது 14.
எஞ்சிய ஆயுள் 46.
"நாற்பத்தாறா?"
"ஆர்சிசின்னா மொத்தம் அறுபது, டீச்சர். ஃபார்ம்ல அப்படித்தான்."
காய்ச்சல்காரியிடம் நூறு வயசு என்று சொன்னதுபோல
எனக்கும் ஒரு நிமிஷம் உடம்பு தேறியது.
கட்டன்சாயா கொடுத்தேன்.
ஜன்னலில் சாய்ந்து குடித்தான்,
கம்பி போன இடத்துக்கு அடுத்த கம்பியில்.

நிமிர்ந்தபோது வெள்ளைச் சட்டையின் தோளில்
செம்பழுப்பாய் ஒரு கோடு.
துணியில் ஏறிய துரு எதற்கும் போகாது.
சொல்ல வாயெடுத்தேன்.
அவன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.