கேட்டு எழுதும் கருவி

இலவசம் என்றது திரை.
ஒப்பந்தம் பதினேழு பக்கம்.
"ஒப்புக்கொள்கிறேன்" மட்டும் நீலத்தில் மின்னியது.
அழுத்தினேன்.

புந்தா அரேனாசில் ஜூன் மாத இரவு
பதினாறு மணி நேரம்.
எடைமேடையில் லாரி ஏறினால்தான்
எனக்கு வேலை.

முதலில் வரைபடம்.
இங்கிருந்து விளாதிவோஸ்தோக்குக்கு
நடந்துபோக வழி கேட்டேன்.
தெரியாதாம்.
பரவாயில்லை, எனக்கும் தெரியாது.

அப்புறம் மொழிபெயர்ப்பு.
"கம்பளி இன்னும் காயவில்லை" என்பதை
பின்னிஷ், மால்ட்டீஸ், கொரியன் என்று சுற்றவிட்டேன்.
"ஆடு அழுகிறது" என்று வீடு திரும்பியது.
இர்மா வந்ததும் சொல்லிச் சிரிக்கணும்.

கடைசியில் இந்த மைக்.
பேசினால் தானே எழுதுமாம்.
என்னத்தைப் பேச?
தொண்டையைச் செருமினேன்.
அதை எழுத்தாக மதிக்கவில்லை.

கதவிடுக்கில் காற்று நுழைந்தது,
தெருவில் கயிறு கட்டி
மனிதர்களைப் பிடித்து நடக்கவைக்கிற காற்று.
திரையில் ஓர் எழுத்து துடித்தது.
பிறகு:
ஆமாம்
ஆமாம் ஆமாம் யார்
ஆமாம் சுசானா ஆமாம் ஆறு

யார் சுசானா?

தானம் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாதுதான்.
இந்த மாடு
என் பல்லை எண்ணிக்கொண்டிருக்கிறது.

மூன்றரைக்கு மான்சில்லாவின் லாரி.
"இருபத்தெட்டு டன். நண்டு. கை விறைச்சுப்போச்சு"
என்றான் உள்ளே வந்து.
அதையும் எழுதிக்கொண்டது,
ஒரு பிழையில்லாமல்,
சுசானாவுக்குப் பக்கத்திலேயே.

எட்டு மணிக்கு ஆள் மாறணும்.
வெளியே இன்னும் இருட்டு.
எல்லாவற்றையும் அழித்துவிடவா என்று கேட்டது.
நான் வாய் திறக்குமுன்
கதவிடுக்கு சொல்லிவிட்டது,
ஆமாம்.