ஒரு லாரி தண்ணீர்

துறைமுகத்திலிருந்து வந்தது
பாய்லர் மட்டும்.
கிரேனின் கையும் கொக்கியும் மிதவையும்
அங்கேயே கரையோரம் கட்டிக் கிடக்கின்றனவாம்;
பள்ளிப் பிள்ளைகள் ஏறிப் பார்க்கப்
படிக்கட்டு வைக்கிறார்கள்.

ஆர்டரில் இருந்தது இவ்வளவுதான்:
துரு சுரண்டு. ஓட்டை அடை. கறுப்பு அடி.
நீராவி தேவையில்லை.
கடைசி வரிக்கு இரண்டு அடிக்கோடு.

காரை கூட்ரோட்டில் டிரெய்லர் திரும்ப முடியாமல்
மின்கம்பத்தோடு மல்லுக்கு நின்றது.
தோல் ஷெட் ஆட்கள் பீடியோடு வந்து பார்த்தார்கள்.
"எவ்ளோ தூக்குமாம்?"
"அறுபது டன்."
"இதுவா?"
"இது தூக்காது. இது கொதிக்கும்."
சொன்னது முனிரத்தினம்.

மூடியைக் கழற்றித் தலையை உள்ளே விட்டு
சுவரில் வைத்த விரலை நாக்கில் வைத்தான்.
எங்களுக்கு உப்பு தெரியும்.
தோலிலிருந்து உதறிய உப்பு
இங்கே மலை மலையாய்
மழைக்குப் பயந்து கிடக்கிறது.
"இது வேற உப்பு" என்றான்,
ஊருக்குப் புதிதாய் வந்த சம்பந்தியைச் சொல்வதுபோல்.

பிறகு கேட்டான்,
ஒரு லாரி தண்ணீர் வேண்டும்.
நான் ஸ்டோர்ஸ். பேனா என் கையில்.
எதற்கு?
"ரொப்பி, அழுத்தம் குடுத்துப் பாக்கணும்."
ஆர்டரில் இல்லையே.
"ஆர்டர்ல இல்ல" என்று ஒத்துக்கொண்டு
அங்கேயே நின்றான்.

எண்பது வருடம் தண்ணீர்மேல் கிடந்ததற்கு
வாலாஜாவிலிருந்து விலைக்கு வந்தது தண்ணீர்.
தொள்ளாயிரத்து ஐம்பது. டிரைவருக்கு டீ தனி.

கைப்பம்பு அடிக்க அடிக்க முள் ஏறியது.
ஏழு. ஒன்பது. பத்தரை.
அரைமணி நேரம் யாரும் பேசவில்லை.
டார்ச் வெளிச்சத்தில் ரிவெட்டுகள், அம்மை போட்டதுபோல்.
கீழ்வரிசையில் ஒன்று மட்டும் வியர்த்தது.
சொட்டு திரண்டு
விழலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"பரவால்ல விடு," என்றேன்,
"கொதிக்கவா போவுது?"
அவன் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.
அழுத்தத்தை இறக்கிவிட்டு உளியை எடுத்தான்.
விளிம்பைத் தட்டித் தட்டி, மறுபடி பம்பு அடித்து,
மறுபடி தட்டி.

வால்வைத் திறந்தபோது ராத்திரி பத்து.
துருநிறத்தில் பீறிட்டுக் கேட்டைத் தாண்டி
தார்ரோட்டைக் கடந்து
பாலாற்றுப் பக்கமாய்ச் சரிந்தது.
மணல் ஒரு பத்தடி கறுத்தது.
அப்புறம் தெரியவில்லை.

காலையில் போன்:
கறுப்பு வேண்டாம், பச்சை அடிக்கலாமா,
போட்டோவில் நன்றாக விழும்.
அடிக்கலாம் என்றேன்.

பச்சை எனாமல் எட்டு லிட்டருக்குக் கீழே
தண்ணீரை எழுதினேன்,
பெயின்ட் கலப்பதற்கு என்று.
எனாமலில் தண்ணீர் கலக்காது.
தணிக்கைக்கு வருகிறவருக்கு அது தெரிந்திருந்தால்
முனிரத்தினத்தைக் கூப்பிட்டு
அவர் எதிரே நிற்கச் சொல்வேன்.