நாலு குச்சி

ஆறு பட்டை மாத்திரை விழுங்கியும்
ஒன்பது புள்ளி ஒன்றிலேயே நின்றது என் ரத்தம்.
"கவுண்டன்யா ஆத்துல வீசிட்டு வந்து
முழுங்கினேன்னு சொல்றியா?"
என்றாள் சுகாதார நிலையத்து நர்ஸ்.
ஆற்றில் அடித்துப்போகத் தண்ணீர் ஏது அக்கா,
வீசியிருந்தால் மணலில்தான் கிடக்கும்,
வந்து எண்ணிக்கொள்ளுங்கள்
என்று சொல்ல நினைத்தேன்.
சொல்லவில்லை.
தன்ஷிகா வயிற்றிலிருந்தபோதும் இதே திட்டு,
இதே முருங்கைக்கீரை, இதே ஈரல்.

புதிதாய் வந்த டாக்டரம்மா மட்டும்
தாளின் கீழ்வரிசையில் விரல் வைத்தார்.
"செல்லெல்லாம் இத்துனூண்டா இருக்கே.
இது இரும்பு தின்னாத் தீர்றதில்லம்மா.
வேலூர் போங்க. இந்த வாரமே."

தலசீமியா.
பஸ்ஸில் முணுமுணுத்துப் பார்த்தேன்.
பள்ளிகொண்டா தாண்டும்போது
நாக்குக்குப் பழகிவிட்டது.
"உங்களுக்கு நோயில்ல, நீங்க சுமக்கறவங்க"
என்றார்கள் அங்கே.
சுமக்கிறவள் என்பதில் புதுசாக ஒன்றுமில்லை.
வீட்டுக்காரரைக் கூட்டிவாருங்கள் என்றதுதான் புதுசு.

தீனதயாளன் வரமாட்டேன் என்றான்.
"ஜேசிபில பாறையப் பேக்கறவன்.
எனக்கென்ன ரத்தமில்லையா?"
அத்தை சொன்னாள்:
"சொந்த மாமன் மவன். ஒரே ரத்தம்தாண்டி ரெண்டு பேருக்கும்."
அதுதான் அத்தை.
அதுதான் பயம்.

ராத்திரி அவன் சோற்றுத் தட்டோரம்
தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த
நாலு குச்சி வைத்தேன்.
ஒன்றில் முழு மருந்து.
இரண்டில் பாதி.
ஒன்று மொட்டை.
"உனக்கும் இருந்தா, நாலுல ஒண்ணு இப்படி.
ஊரார் ரத்தம் ஏத்தி ஏத்தி வளக்கணும்."
"தன்ஷிகா நல்லாத்தான இருக்கா?"
"ஒவ்வொரு வாட்டியும் பொட்டியத் திரும்ப ரொப்பிடுவாங்களாம்.
போன வாட்டி எடுத்தது கணக்குல வராது."
மொட்டைக் குச்சியை எடுத்துப் பல் குத்தினான்.
பிறகு அதைத் தூக்கிப் போடவுமில்லை.

தலை ஒருத்தியுடையது, உடம்பு ஒருத்தியுடையது,
ஒட்டவைத்து எழுப்பிய கெங்கையம்மனுக்கு
வைகாசியில் ஊரே திரண்டு சிரசெடுக்கிற குடியாத்தத்தில்
பிள்ளை என்பது பாதி நீ பாதி நான் என்று விளக்க
எனக்கு ஒரு வாரம் ஆனது.

வெள்ளிக்கிழமை வந்தான்.
பெரிய ஆஸ்பத்திரித் தெருவில்
கடைப் பலகை பாதி வங்காளத்தில்.
உள்ளே, ஏழு வயதென்றார்கள்,
நாலு வயது உடம்போடு ஒரு பையன்
ரத்தம் ஏறும் கையை அசைக்காமல்
மறு கையால்
போர்வைமேல் மஞ்சள் ஜேசிபி ஓட்டிக்கொண்டிருந்தான்.
வாளி மடங்கவில்லை.
தீனா குனிந்து, லிவரை இப்படித் தள்ளு என்று காட்டினான்.
அவன் அம்மாவுக்கும் எனக்கும் ஒரு சொல்கூடப் பொதுவில்லை.
என் வயிற்றைப் பார்த்தாள்.
தன் நோட்டைத் திறந்து காட்டினாள்:
மூன்று வாரத்துக்கொரு முத்திரை,
பக்கம் பக்கமாய்,
அட்டை கிழியும் வரை.

யாரும் கூப்பிடுமுன்பே
தீனா சட்டைக் கையை மடித்துவிட்டான்.

திங்கள், செவ்வாய், புதன்.
அவனுக்கு இல்லை.
அத்தை சூறைத்தேங்காய் உடைத்தாள்.
சில்லு பொறுக்கிய பிள்ளைகளின் நடுவே
மஞ்சள் வண்டியைத் தேடியது என் கண்.

தையில் என் தங்கை நிரோஷாவுக்கும்
தீனாவின் தம்பி கஜேந்திரனுக்கும் நிச்சயம்.
அண்ணனுக்கு இல்லாதது தம்பிக்கும் இருக்காதென்று
அத்தை தானே தீர்ப்பெழுதிவிட்டாள்.
எனக்கு இருப்பது தங்கைக்கும் இருக்குமா என்று
ஒருவரும் கேட்கவில்லை.

பட்டெடுக்கப் போகிறோம் என்று சொல்லி
ஏழரை பஸ்ஸில் ஏறினோம்.
கஜேந்திரன் கடைசி சீட்டில்,
தீனா அவன் தோளில் கை போட்டபடி,
இறங்கி ஓடிவிடாமலிருக்க.
நிரோஷா என் காதருகே குனிந்தாள்.
"வலிக்குமாக்கா?"

ஊசி எறும்புக் கடிதான்.
அப்புறம் ஒரு மூணு நாள் வலிக்கும்.