நான்கரை ஓம்

பெர்க்வில்லைத் தாண்டி, மொட்டைக் குன்றின்மேல்
நாற்பத்தைந்து மீட்டர் கோபுரம்.
நவம்பரில் இங்கே மணி மூன்றாயிற்றா என்று
கடிகாரம் பார்க்க வேண்டாம்.
டிராக்கன்ஸ்பர்க் கறுத்தால் மூன்று.

நேற்று நாலு பன்னிரண்டுக்குச் செத்தது
தளம் எண் எழுபத்தொன்று.
தகவல் வந்தபோது லேடிஸ்மித்தில் நான்
தக்காளி அரிந்துகொண்டிருந்தேன்.

காலையில் லுங்கேலோவும் நானும் போனோம்.
கூண்டுக் கதவைத் திறந்ததுமே வாசம் சொல்லிவிட்டது:
சுட்ட பிளாஸ்டிக், அடியில் ஒரு மீன் நாற்றம்.
ரெக்டிபையர் மூன்றும் கரி.
கேபிள் துளையில் ஒரு பல்லி,
மையால் எழுதினாற்போல.

சர்ஜ் தடுப்பானுக்கு
நகக்கண் அளவில் ஒரு சன்னல் உண்டு.
பச்சை என்றால் இருக்கிறான்.
சிவப்பு என்றால் போய்விட்டான்.
தலைக்கு வந்ததைத் தலைப்பாகையோடு அனுப்பிவிட்டுத்
தானும் கூடவே போவதுதான் அவன் உத்தியோகம்.
நான் பார்த்தபோது பச்சை.
அதுதான் உறுத்தியது.
வீடு முழுக்க எரிந்து கிடக்க
காவல்காரன் மட்டும் சட்டை கசங்காமல் நின்றால்
அவனையா கேட்பாய், வாசலையா பார்ப்பாய்?

வெளியிலிருந்து லுங்கேலோ கூப்பிட்டான்.
கோபுரத்தின் காலடியில்
மண்ணுக்குள் இறங்க வேண்டிய செம்புப் பட்டை
இல்லை.
ரம்பம் கடித்த இரண்டு முனைகள்,
புதுக்காசு போல மினுக்கின.

உச்சியில் இடிதாங்கி, பேர் பெத்த பேர்.
அது எங்கே தாங்கியது? வாங்கும், அவ்வளவுதான்.
வாங்கியதை இறக்கிவைக்க
கீழே ஓர் ஈர இடம் வேண்டும்.
இறக்க இடமில்லாத பாரம்
கண்ட கதவையெல்லாம் உடைத்துக்கொண்டு போகும்.
(என் சித்தப்பாவை நினைத்தேன்.
வேலை நேரம், நிறுத்திக்கொண்டேன்.)

புல்லில் ஒரு சீட்டு கிடந்தது.
பன்னிரண்டு ராண்ட் ஏர்டைம்,
வெள்ளிப் பூச்சு நகத்தால் சுரண்டியது.
செம்பை அறுத்தவன்
இந்த நிழலிலேயே உட்கார்ந்து
இந்தக் கோபுரத்தின் வழியாகவே
யாரையோ கூப்பிட்டிருக்கிறான்.
எடைக்கடைக்காரனையோ,
ஜோஹானஸ்பர்கில் வேலைக்குப் போன அக்காளையோ.
லுங்கேலோ சிரிக்கவில்லை.
'கிலோ என்ன விலை தெரியுமா, தேஷனி?'
தெரியும். சொல்லவில்லை.

இந்த முறை செம்பு இல்லை.
விற்றால் ரொட்டிகூடத் தேறாத
துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை.
மூன்று கம்பிகளைச் சம்மட்டியால் அடித்தோம்.
கீழே பாறைச் சில்லு, மண் முனகியது.
மீட்டரில் முப்பத்தெட்டு ஓம்.
கூடாது.
பள்ளம் தோண்டி பெண்டோனைட் களி பிசைந்து ஊற்றினோம்,
குடிக்க வைத்திருந்த தண்ணீரையும்.
பத்தொன்பது.
இன்னும் ஒரு கம்பி, ஒரு கொப்புளம்.
பதினொன்று.
மலை ஒருமுறை செருமியது.
கடைசியில் நான்கரை.
கோயிலில் சொல்லும் ஓம் பெருகப் பெருக நல்லது.
இது குறையக் குறைய.

இடித்தால் என் அம்மா
கண்ணாடிமேல் போர்வை போடுவாள்.
லுங்கேலோவின் அம்மாவும்.
யாரிடமிருந்து யார் படித்தார்களோ.
பிள்ளைகள் நாங்கள் ஒருபடி மேல்:
மூவாயிரம் ராண்ட் பெட்டியைப் போர்த்துகிறோம்,
ரசீது வைத்துக்கொள்கிறோம்.

புது ரெக்டிபையர் விழித்தது.
திரையில் எண்ணிக்கை மட்டும் தெரியும், பேர் தெரியாது.
முதல் நிமிடத்தில் நாற்பத்தோர் அழைப்பு.
அதில் ஒன்று அவனாக இருக்கலாம்.
இருக்கட்டும்.

பக்கியின் கதவைச் சாத்திக்கொண்டோம்.
முதல் துளி கூரையில் விழுந்தது,
பிறகு எண்ண முடியவில்லை.
வெள்ளை வெளிச்சம். குன்று பட்டப்பகலாகி அணைந்தது.
அர்ச்சுனா என்று சொல்லவில்லை நான்.
உதடு மட்டும் அசைந்தது.

சன்னல் இப்போது என்ன நிறமோ.
மழை விடும்வரை வண்டியைவிட்டு இறங்கக்கூடாது, விதி.
லுங்கேலோவின் போனில் ஒரு கோடு,
இரண்டு கோடு,
ஒன்று,
மூன்று.