முதல் விருப்பம்

வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தைக் கொடுக்கவேண்டும்.
ஐந்து கட்டங்கள், ஐந்து பள்ளிகள்.
பிராவிடென்ஸில் பதின்மூன்று வயதுப் பெண்ணை
எங்கே கொண்டுபோய் விடுவது என்பதை
எண் போட்டுத்தான் சொல்லவேண்டும்.

நான் பேருந்து ஓட்டுகிறவள்.
காலை ஆறு இருபது, பிராட் தெரு.
அந்தப் பள்ளியை எனக்கு
அதன் பிள்ளைகளின் மூட்டைகளால் தெரியும்.
செல்லோவுக்கு ஒரு இருக்கை, பையனுக்குப் பாதி.
சுருட்டிய தாள்களைக் கோட்டுக்குள் வைத்து
மழையில் தான் மட்டும் நனைந்து வரும் ஒருத்தி.
வாய்க்குள் வசனம் சொல்லிக்கொண்டே
தினமும் நிறுத்தத்தைத் தவறவிடும் ஒருவன்
(இப்போதெல்லாம் நானே குரல் கொடுத்து இறக்கிவிடுகிறேன்).
இறங்கும்போது நன்றி சொல்வார்கள்.
அது எந்த அறிக்கையிலும் இல்லை.

அறிக்கையில் இருப்பது:
மாணவர் நூற்று நாற்பத்தொருவர்.
கணக்கில் தேறியவர் நூற்றுக்குப் பத்தொன்பது.
படிப்பை முடிப்பவர் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று.
இந்த இரண்டு எண்ணும் ஒரே வீட்டில்
எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்று கேட்கத்தான்
அரைநாள் விடுப்புப் போட்டுப் போனேன்.

பழைய நகைத் தொழிற்சாலை.
பலகை இடுக்குகளில் இன்னும் பித்தளை ஊசிகள்.
விளையாட்டுத் திடல் இல்லை.
சாப்பாடு வேனில் வருகிறது, ஆறிப்போய்.
நூலகம் என்று காட்டியது ஓர் அலமாரி.
காட்டியவர் வெட்கப்பட்டார்.
அந்த வெட்கம் எனக்குப் பிடித்திருந்தது.

மற்றப் பெற்றோர் மேடையைப் பார்க்கப் போனார்கள்.
நான் கழிப்பறையைப் பார்க்கப் போனேன்.
தாழ்ப்பாள் விழுகிறது. சோப்பு இருக்கிறது.
சுவரில் யாரையும் வைது எழுதியிருக்கவில்லை.
ஒரே ஒரு குதிரை,
பின்னங்கால் சரியாக வராமல்
மூன்று முறை திருத்திய குதிரை.
வெள்ளையடிக்க வந்தவர்
அதைச் சுற்றி அடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

தலைமையாசிரியர் திருமதி ஓபுஷான் நன்றாகத்தான் பேசினார்.
எல்லோரும் பியானோவைப் பற்றிக் கேட்டார்கள்.
நான் கேட்டேன்: கணக்கு ஆசிரியர் யார்?

அறை ஒருமுறை இருமியது.
"செப்டம்பரிலிருந்து மூன்று பேர் வந்து போனார்கள்.
இப்போது யாருமில்லை."
பொய்க்கு ஒரு வழி திறந்துதான் இருந்தது.
அதில் அவர் கால் வைத்ததையும்
எடுத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

பின்வரிசையில் ஒரு பெண், முழங்கை வரை களிமண்;
சொத்தியா என்று சட்டையில் ஒட்டியிருந்தது.
"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முப்பது பேர் உட்கார்ந்து
ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொடுக்கிறோம்.
பாதி தப்பாகத்தான் சொல்லிக்கொடுக்கிறோம்."
சிரிப்பதா என்று யாருக்கும் தெரியவில்லை.
அவள் சிரிப்பதற்காகச் சொல்லவுமில்லை.

என் ஜைல்சா
ரொட்டிப் பையின் முதுகிலும் முகம் வரைகிறவள்.
பின்னத்தைக் கண்டால் உதட்டைக் கடிக்கிறவள்.
எந்தப் பாதிக்கு நான் பள்ளி தேடுகிறேன்?
"படம் வரைந்தால் வாடகை யார் கட்டுவது?"
என்கிறான் என் அண்ணன், பிராயாவிலிருந்து, தொலைபேசியில்.
என்னிடம் பதில் இல்லை.
மாதாமாதம் வாடகை கட்டுகிற நான்
இதுவரை எதை வரைந்தேன் என்று
சிவப்பு விளக்குகளில் யோசிக்கிறேன்.
பச்சை விழுந்ததும் விட்டுவிடுகிறேன்.

நகர மையத்தில் ஏழு நிமிட நிறுத்தம்.
ஸ்டீயரிங் மேல் படிவம்.
முதல் கட்டத்தில் அந்தப் பெயரை எழுதினேன், பென்சிலால்.
அழித்தேன்.
பிறகு தாள் குழியும்படி அழுத்தி எழுதினேன்.
ஓரத்தில், யாரும் எதுவும் கேட்காத இடத்தில்:
"செவ்வாய்க்கிழமைகளில் நான் வரலாமா?
அரைக் கட்டணம், கால் கட்டணம், மீதிச் சில்லறை
பதினொரு வருடமாகப் பார்க்கிறேன்.
பின்னம் வரை எனக்குத் தெரியும்."

வண்டியை எடுக்கிறேன்.
காலணியின் அடியில் எங்கேயோ
அந்த மாடியின் பித்தளை ஊசி ஒன்று.
பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம்
டிக் என்கிறது.
இன்னும் பிடுங்கவில்லை.