பாஸ்கா இரவின் கடைசி டிராம்

முதலில் பார்த்தது ஜனவரியில்.
எஃகு ஆலையின் இரவு ஷிஃப்ட் முடிந்து ஏறியவர்களில் ஒருவன்
டிக்கெட்டை ஒழுங்காக மெஷினில் துளைத்துவிட்டு உட்கார்ந்தான்.
வெளியே மைனஸ் பதினாறு.
எல்லார் வாயிலும் வெண்புகை,
அவன் வாயில் இல்லை.
திரும்பினேன், இருக்கை காலி.
கண்ணாடியைப் பார்த்தேன், இருந்தான்,
தூங்கும் வெல்டரின் காதில்
ஏதோ கடன் கணக்குச் சொல்லிக்கொண்டு.

அன்றிலிருந்து இப்படித்தான்.
என் தலைக்கு மேல் ஒரு சாண் கண்ணாடி,
அதில் மட்டும்.
பசாசுகள் டிக்கெட் எடுக்கின்றன.
சம்மனசுகள் எடுப்பதில்லை.
சிறகு உண்டா என்று கேட்டவர் ஒருவர்தான், டாக்டர்.
இருபத்திரண்டு வயதுக்கு இது வரும் என்றார்,
நீல மாத்திரை எழுதினார்.
தூக்கம் வந்தது. அவர்களும் வந்தார்கள்.

சிறகு இல்லை.
சம்மனசுகள் நின்றபடியே வருகின்றன,
துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்கள் போலத்
தோள் சரிந்து.
பசாசுகள் நல்ல கோட்டு போட்டவை,
ஷூவில் சேறு ஒட்டாதவை.

பாஸ்கா இரவு, ஒன்றே முக்கால்.
கோயில் நிறுத்தத்தில் பாதி கலாட்ஸ் நகரமே ஏறியது
ஆளுக்கொரு சுடரோடு.
தயிர்க் கிண்ணம், ஊறுகாய் ஜாடி,
கழுத்தறுத்த பிளாஸ்டிக் புட்டி,
எதற்குள் முடியுமோ அதற்குள் நெருப்பு.
வீடு வரை அணையக் கூடாது.
டிராம் விளக்குகளை நானே அணைத்தேன்,
யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

நடுக்கதவு சரியாக மூடாது.
அதன் ஓரம் சம்ஃபிரா,
இந்தக் குளிர்காலத்தில் விதவையானவள்.
டான்யூப் காற்று இடுக்கில் நுழைந்து
அவள் சுடரைக் கிள்ளப் பார்த்தது.
அப்போது அந்தக் கோட்டுக்காரன்
இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து மறைத்தான்.
சத்தியமாகச் சொல்கிறேன், மறைத்தான்.
முகத்தில் மஞ்சள் வெளிச்சம்,
கதவுக்கு வெளியே விடப்பட்ட பிள்ளையின் முகம்.
குளிர் காய்ந்துகொண்டிருந்தான்.

அவள் இறங்குமுன் ஒரு மெழுகுத் துண்டைப் பற்றவைத்து
என் சில்லறைத் தட்டில் ஒட்டினாள்.
"இலாரியே, உனக்கும்தான் உயிர்த்தார்."
அவன் இறங்கவில்லை.

கடைசி இரண்டு நிறுத்தம்.
மிச்சம் தோதேரும் பம்ஃபிலும்,
ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்,
ஒரே மாடியில் எதிரெதிர்க் கதவு.
தாயின் கல்லறைக் கல்லுக்கு யார் எவ்வளவு என்பதில்
ஒன்பது வருடம் பேச்சில்லை.
ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால்.

வழி முழுக்க நின்ற சம்மனசு நடந்தது.
தோதேரின் ஜாடி மேல் குனிந்து
பூ என்று ஊதியது.

பிரேக்கை மிதித்துவிட்டேன்.
இதற்காகவா பரலோகத்திலிருந்து வந்தாய்?

தோதேர் கருந்திரியையே பார்த்தார்.
பையில் லைட்டர் இருந்தது, எடுத்தார்,
திரும்ப வைத்தார்.
லைட்டர் நெருப்பு அந்த நெருப்பு இல்லை.
டிராமின் நீளம் முழுவதையும்
கம்பி கம்பியாகப் பிடித்துக் கடந்து,
"பம்ஃபில், கொஞ்சம் நெருப்பு" என்றார்.

தம்பி வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தார்.
"தாழ்த்திப் பிடி. என் முழங்கை நிமிராது."
"எப்போதிருந்து?"
"நாலு வருஷமா."

கட்டிக்கொள்ளவில்லை, ஒன்றுமில்லை.
இறங்கி நடந்தார்கள், நடுவே ஒரு கஜம் விட்டு,
இரண்டு வெளிச்சமும் ஒரே உயரத்தில்.

டெப்போவில் மோட்டாரை நிறுத்தினேன்.
யார் எந்தப் பக்கம் என்று
பழைய ஏற்பாட்டில் எனக்கு இருந்த தெளிவு
இப்போது இல்லை.
கண்ணாடியில் எல்லா இருக்கையும் காலி.
ஓட்டுநர் இருக்கை மட்டும் அதில் தெரியாது,
அந்தக் கோணத்தில்தான் மாட்டியிருக்கிறார்கள்.

கதவுகள், நடுக்கதவு உட்பட,
சாத்தி அடைத்த கொட்டகை, காற்றே இல்லை.
தட்டிலிருந்த என் சுடர் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது.

கண்ணாடியைத் திருப்ப இரண்டு விரல் போதும்.
கைகளைத் தொடைகளுக்கு அடியில்
வைத்துக்கொண்டேன்.