ஷட்டர்

மனு போட்டு மூன்றாம் வருஷம் உரிமம் வந்தது.
பயிர்ப் பாதுகாப்பு. ஒரு துப்பாக்கி. மாவட்ட எல்லைக்குள்.
கொள்ளிடத்து நாணல் திட்டுப் பன்றிகளுக்கு
மாவட்ட எல்லை கிடையாது.
முன்னிரவில் அரியலூர்ப் பக்கத்துக் கரும்பு,
விடிவதற்குள் என் கடலை.

தஞ்சாவூரில் நத்தர்ஷா கடை.
கண்ணாடி மேஜையில் பச்சைச் சமுக்காளம் விரித்து
மூன்றைக் கிடத்தினார்.
பெண் பார்க்கப் போனபோதும்
இப்படித்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

முதலாவது இரட்டைக் குழல். மலிவு.
ஆனால் ரவை சிதறும்.
என் கொல்லை முடிகிற இடத்தில் ரெங்கசாமி கொட்டகை,
அதில் சினைமாடு.
ஏற்கெனவே வரப்புத் தகராறு வேறு.
வேண்டாம்.

அடுத்தது ஐந்து தோட்டா உள்வாங்கும் ரகம்.
மைத்துனன் தேசிங்கு அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.
அஞ்சு இருந்தா ஒண்ணாவது படும் மச்சான்.
மத்த நாலும் எங்கே போவும்? என்றேன்.
வாய் திறந்தவன்
சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தான்.
இரண்டே முக்கால் லட்சம் என்றார் நத்தர்ஷா.
சூடு பட்ட மாதிரி கீழே வைத்தான்.

மூன்றாவது ஒல்லி.
அமைப்பு வெள்ளைக்காரன் காலத்தது,
இரும்பு இந்த வருஷத்தது,
கம்ப்யூட்டர் கடைசலில் வெட்டியது என்றார்.
கொள்வது ஒரு தோட்டா. ஒன்றே ஒன்று.
விசைக்கு அடியில் வளைந்த நெம்புகோல்.
அதைக் கீழே தள்ளினேன்.
குழலின் பின்வாயை அடைத்து நின்ற இரும்புக் கட்டை
காடியில் நேராக இறங்கியது.

சிரித்துவிட்டேன்.
இருபத்திரண்டு வருஷம் மண்ணியாற்றில் லஸ்கர் நான்.
காடியில் இறங்கும் இரும்பை
என்னைவிட அதிகம் பார்த்தவன்
அந்த வீதியில் எவன் இருக்கிறான்?

ஒரே ஒரு வித்தியாசம்.
என் ஷட்டர் இறங்கினால் வழி அடையும்.
இது இறங்கினால் வழி திறக்கும்.

திறந்த வழியில் கண்ணை வைத்தேன்.
சுழி முறுக்கின மாதிரி உள்ளே கோடுகள்,
அந்தக் கோடியில் காசளவு வெளிச்சம்,
வெளிச்சத்துக்குள்
பிளாஸ்டிக் குடம் விற்கும் தள்ளுவண்டி ஒன்று
கடந்து போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபது தடவை இறக்கி ஏற்றினேன்.
மணல் கடித்தால் ஷட்டர் எப்படி முனகும்,
துரு ஏறினால் எங்கே நின்று மறிக்கும்,
காது அறியும்.
முனகல் இல்லை. மறிப்பு இல்லை.
நகத்தை நுழைத்துப் பார்த்தேன், ஆட்டமும் இல்லை.
எல்லாரும் குழலப் பார்ப்பாங்க,
நீங்க ஒருத்தர்தான் காடியப் பார்க்கிறீங்க பாய்
என்று என்னையே பாய் ஆக்கிவிட்டார் நத்தர்ஷா.

ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம்.
கொள்முதல் நிலையத்து நாற்பது கிலோச் சிப்பத்தில்
நூற்று முப்பதுக்கு மேல்.
ஈரப்பதம் என்று கழித்தது தனி,
சாக்குக்கு இவ்வளவு என்று கேட்டு வாங்கியது தனி.
தேசிங்கு முணுமுணுத்தான்:
ஒரு வெடிக்கா இவ்வளவு?
ஒரே வெடி என்றால்
விடுவதற்கு முன் யோசிப்பேன் என்று சொன்னேன்.
உண்மையில் என் கையிருப்புக்கு எட்டியது அதுதான்.
இரண்டும் நிஜம்.
எது முதலில் தோன்றியது என்று கேட்காதீர்கள்.

உறை தைத்தாயிற்று. எண்ணெய் போட்டாயிற்று.
ஐந்தாம் நாள் தேர்தல் தேதி அறிவித்தார்கள்.
உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கவும்.

பந்தநல்லூர் ரைட்டர் நெம்புகோலைத் தள்ளிப் பார்த்தார்.
இறங்கியது. ஏற்றினார். மறுபடி தள்ளினார்.
பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.
எத்தனை சுட்டிருக்கு?
இன்னும் இல்லை.
ரசீதில் எழுதினார்: ஒன்று, புதியது.

அன்று இரவே வந்தன.
வரப்பில் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினேன்.
சிறிது தள்ளி நின்று
நான் முடிக்கட்டும் என்று காத்திருந்தன.
விடிந்தபோது கால் காணிக்கு மேல் மண் புரண்டு கிடந்தது,
பால் பிடித்த பிஞ்சுகளோடு.

ஆறு மணிக்கு மதகடிக்குப் போனேன்.
மேட்டூர் மூடி ஒரு மாசம்,
ஆற்றில் ஆட்டுப்புழுக்கையும் மணலும்தான்.
இருந்தாலும் அளவு நோட்டு எழுத வேண்டும்.
நீர்மட்டம்: பூஜ்யம்.
ஷட்டர்: இறக்கப்பட்டுள்ளது.
கடலைக்கு அதில் கட்டம் இல்லை.